செய்தவர் பெயர்

பெரகல சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். கார் நின்றது. அது விட்ட புகைக்குள்ளிருந்து, பின்னால் வந்த பஸ் சற்று நேரம் கழித்துத்தான் வெளிப்பட்டது.

பொலிஸ்காரர் எழுதிக்கொடுத்த தாளில் இரண்டு குற்றங்கள் இருந்தன. அளவு மீறிய புகை. அனுமதியில்லாமல் மாற்றிய எஞ்சின். பதினான்கு நாட்களுக்குள் பதுளையில் மோட்டார் பரிசோதகரிடம் காட்ட வேண்டும். தேறாவிட்டால் கார் தெருவில் இறங்கக்கூடாது.

கார் பலீலுடையது. பதுளை டவுனில் அவருக்கு ஒரு கராஜ் இருந்தது. பழைய டீசல் பீஜோ. கொஸ்லந்தைக்கும் லுணுகலைக்கும் புடவை வியாபாரிகளை மூட்டைகளோடு ஏற்றிப் போகும். நான்கு பேரும் மூட்டைகளும் ஏறினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதனால்தான் வீரய்யா அதில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பூட்டினான். விபத்தில் நொறுங்கிய ஜப்பான் லொறியிலிருந்து கழற்றியது. அதன் பிறகு அந்தக் கார் பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு மூன்றாம் கியரில் ஏறியது. புகையும் விட்டது.

வீரய்யா மூன்று வருடமாகப் பலீலிடம் வேலை செய்கிறான். அதற்கு முன் லுணுகலை ரோட்டில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் பார்த்தான். மனைவி ரெங்கம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவர்களுக்கு இந்தியா என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அவன் அப்பா இந்தியக் குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பம். அப்பா செத்த பிறகு பதில் வந்தது. ஆகஸ்டில் கண்டியிலுள்ள இந்திய அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே தொழில் என்ன என்று கேட்பார்கள். மெக்கானிக் என்று கடிதம் இருந்தால் இந்தியாவில் ஏதாவது டவுனில் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் தோட்டத்து ஆள் தோட்டத்துக்கு. முன்பே போன, பக்கத்து வீட்டுக் கருப்பம்மாவின் தம்பி நீலகிரியிலிருந்து எழுதியிருந்தான். இங்கேயும் அதே மழை, அதே அட்டை.

"கார் பாஸாகட்டும் வீரய்யா" என்றார் பலீல். "கராஜ் பேர் அடிச்ச கடதாசியில எழுதித் தாரேன். டர்போ பூட்டின மெக்கானிக் இவன்தான்னு. சீலும் குத்தித் தாரேன்."

"இங்கிலீசுல எழுதுவீங்களா மொதலாளி?"

"இங்கிலீசுலதான். ஷுக்ரி மாஸ்டர் எழுதுவார், நான் ஒப்பம் வைப்பேன்."

பலீல் சொன்ன வழி சுலபமானது. டீசல் பம்பின் திருகாணியைக் குறைத்தால் எண்ணெய் குறையும். எண்ணெய் குறைந்தால் புகை இல்லை. பரிசோதனை முடிந்ததும் பழையபடி திருகிவிடலாம்.

"எல்லாரும் செய்ற வேல தானே."

"இந்த பரிசோதகர் அப்படி இல்லீங்களாம். ஆள ஏத்திக்கிட்டு மேட்டுல ஓட்டச் சொல்றாராம். திருகிக் கொறச்சா புகையும் வராது, வண்டியும் ஏறாதுங்க."

"அப்ப என்னத்த செய்ய?"

"காத்து வர்றதுக்கு முந்தி எண்ணெ வந்துருதுங்க. மூச்சு விட நேரம் குடுக்காம சோத்த அள்ளிப் போட்டா இருமத்தானே செய்யும். காத்து வந்தப்புறம் எண்ணெய விடணும்."

"ஒன்ட எஞ்சினுக்கு ஊட்டி விடவும் ஆள் வேணும் போல ஈக்குதே."

"ஆமாங்க. அந்த ஆளத்தான் செய்யணும்."

அதைச் செய்ய அவனுக்கு ஒன்பது நாட்கள் ஆயின. முதலில் ஒரு டின்பால் டப்பாவும் சைக்கிள் டியூப் ரப்பரும். ரப்பர் இரண்டு நாளில் பிய்ந்தது. டப்பாவின் ஈயம் விட்டது. பிறகு பழைய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றின் பித்தளைத் தொட்டியை வெட்டினான். உள்ளே லொறி பிரேக் ரப்பரை வைத்து மூடினான். டர்போவிலிருந்து ஒரு செப்புக் குழாய். காற்று வந்து தள்ளினால் ரப்பர் புடைக்கும். புடைத்தால் ஒரு கம்பி நகரும். கம்பி நகர்ந்தால்தான் பம்ப் கூடுதல் எண்ணெய் விடும். ஸ்பிரிங் சரியாக அமையவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஏழாவது ஸ்பிரிங் பொருந்தியது. அன்று கராஜ் வாசலில் காரை முறுக்கினான். எதிர்க்கடைச் சுவர் தெளிவாகத் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் பசறை ரோட்டு ஏற்றத்தில் பரிசோதனை நடந்தது. பரிசோதகர் ஒல்லியான மனிதர். சிங்களத்தில் குறைவாகப் பேசினார். காரில் நான்கு பேரை ஏற்றச் சொன்னார். பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பின்னால் போய், புகைக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வெள்ளைக் கைக்குட்டையை நீட்டிப் பிடித்தார்.

"எடு" என்றார்.

வீரய்யா கிளச்சை விட்டு மிதித்தான். கார் நழுவாமல் மேலே பாய்ந்தது. பரிசோதகர் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று முறை அப்படிச் செய்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பொனட்டைத் திறந்தார்கள்.

"இது என்ன?"

வீரய்யா சிங்களத்தில் விளக்கினான். பரிசோதகர் குனிந்தார். பித்தளையை விரலால் தட்டினார். கம்பியை நகர்த்தி, அது திரும்பி வருவதைப் பார்த்தார்.

"புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு" என்று ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். வீரய்யாவுக்கு அது பிடிபடவில்லை. "எங்கே படித்தாய்?"

"படிக்கல மாத்தயா."

பரிசோதகர் படிவத்தைப் பொனட் மேல் வைத்து எழுதினார். புகை இல்லை. மாற்றம் ஏற்கத்தக்கது. அடுத்த வரியில் பேனா நின்றது.

"செய்தவர் பெயர். அடையாள அட்டை இலக்கம்."

வீரய்யா தன் பெயரைச் சொன்னான்.

"இலக்கம்?"

"இல்லீங்க மாத்தயா. இந்தியாவுக்குப் போறவங்கன்னு எங்களுக்கு அட்டை குடுக்கல."

"தோட்டமா?"

"ஆமாங்க."

"இலக்கம் இல்லாமல் இந்த இடத்தை நிரப்ப முடியாது" என்றார் பரிசோதகர். அவர் குரலில் கோபமில்லை. "நிரப்பாமல் நான் ஒப்பம் வைக்க முடியாது."

பலீல் தன் அடையாள அட்டை இருந்த சட்டைப் பையைத் தொட்டார். கார் தேறாவிட்டால் கடிதம் இல்லை. வீரய்யா அதை மட்டுமே நினைத்தான்.

"நான் கையாள் மாத்தயா. மொதலாளி சொல்லச் சொல்ல செஞ்சேன்."

"மூளை முதலாளியுடையதா?"

"ஆமாங்க."

பரிசோதகர் பலீலைப் பார்த்தார். பலீல் முன் டயரைப் பார்த்துக்கொண்டு, "ஓம் மாத்தயா" என்றார்.

பரிசோதகர் மறுபடி வீரய்யாவிடம் திரும்பினார். "எழுதட்டுமா?"

"எழுதுங்க மாத்தயா."

எழுதினார். செய்தவர், பலீல். உதவி, கையாள் வீரய்யா. பலீலும் அதில் ஒப்பம் வைத்தார். ஒரு பிரதி பலீலுக்கு. ஒரு பிரதி மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு.

அன்று மாலை அவன் நடந்ததைச் சொல்ல, ரெங்கம்மா கேட்டுக்கொண்டே மாவு பிசைந்தாள். "அப்ப, நீங்க செய்யலன்னு நீங்களே சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"காரு பாஸாகணும்ல."

"காரு பாஸாயிருச்சு" என்றாள் அவள்.

பலீல் படிவத்தைக் கண்ணாடி போட்டுக் கராஜில் மாட்டினார். பண்டாரவளையிலிருந்து இரண்டு லொறிக்காரர்கள் வந்து அதைப் படித்தார்கள். தங்களுக்கும் பூட்டச் சொன்னார்கள். வீரய்யா பூட்டினான். ஒவ்வொன்றும் முடிந்ததும் கடிதத்தைப் பற்றிக் கேட்டான். பலீல் நாளை என்றார். பிறகு, ஷுக்ரி மாஸ்டர் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார். ஜூலை கடைசியில் கதவைச் சாத்திவிட்டு அவனை உட்காரச் சொன்னார்.

"இங்க பாரு வீரய்யா. அந்தப் படிவத்துல நான் செஞ்சேன்னு ஒப்பம் வச்சிட்டேன். இப்ப நீ செஞ்சன்னு எழுதினா ரெண்டுல ஒண்டு பொய்யாப் போகும். கச்சேரியில ஒரு கொப்பி ஈக்குது. லொறிக்காரங்க என்னத்த நெனப்பாங்க?"

"டர்போ வேணாங்க மொதலாளி. மெக்கானிக்குன்னு மட்டும் போடுங்க."

"அதுல கையாள்னு ஈக்குதே. அத நானா சொன்னேன்? நீதானே சொன்னாய்."

"ஒங்களுக்குத் தெரியும்ல மொதலாளி."

"எனக்குத் தெரியும். அல்லாவுக்கும் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே."

அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கடிதத்தை நீட்டினார். ஆங்கிலம். சீல் இருந்தது. வழிச்செலவுக்கு என்று ஐம்பது ரூபாயும் வைத்தார். வீரய்யா கடிதத்தை மட்டும் எடுத்தான். பலீல் ரூபாயைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளச் சிறிது நேரம் ஆனது.

கண்டியில் வரிசை தெருவரை நின்றது. வீரய்யாவும் ரெங்கம்மாவும் உள்ளே போகும்போது மதியமாகிவிட்டது. மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தமிழ்நாட்டுக்காரர்.

"தொழில்?"

"மெக்கானிக்குங்க."

"சர்ட்டிபிகேட் ஏதாவது?"

கடிதத்தைக் கொடுத்தான். அதிகாரி படித்தார். "மூணு வருஷமா மோட்டார் கராஜ்ல கையாள். நாணயமானவர். இவ்வளவுதான் போட்டிருக்கு. மெக்கானிக்னு இல்லையே."

"டர்போ பூட்டுவேங்க. புகையில்லாம பூட்டுவேன். காத்து வந்தப்புறந்தான் எண்ணெ விடுற மாதிரி ஒண்ணு..."

அவன் இரண்டு கைகளாலும் அந்தப் பித்தளையின் அளவைக் காட்டினான். பின்னால் யாரோ இருமினார்கள். அதிகாரி கைகள் இறங்கும்வரை பொறுத்திருந்தார்.

"நீ என்னம்மா செய்யற?"

"கொழுந்து எடுப்பேங்க."

"நல்லதாப் போச்சு." அவர் எழுதத் தொடங்கினார். "ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல தேயிலைத் தோட்டம் போட்டுடறேன். பழக்கமான வேலை. வீடும் குடுப்பாங்க."

"லயமாங்க?" என்றாள் ரெங்கம்மா.

"வரிசை வீடு. ஆமா."

"பெரட்டு உண்டுங்களா அங்க?"

"அப்படின்னா?"

"விடியக்காலையில எல்லாரையும் நிக்க வச்சுப் பேர் கூப்பிடுவாங்கல்ல. அதுங்க."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "இருக்கும்மா" என்றார். தாளில் முத்திரையைக் குத்தி ஓரமாக வைத்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.