மூச்சு பார்க்காமல் வாங்கிய குதிரை

ரொட்டிக்காரர் சந்தையில் வாங்கி வந்த குதிரை செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதை அவர் ஊருக்குள் நடத்திக்கொண்டு வந்த அன்று அந்தச் சங்கதி யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறம், நல்ல உயரம், சாதுவான கண்கள். கடைத்தெருவில் நின்றவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மனுஷன் தேறிவிட்டார், இந்தத் தடவை ஏமாறவில்லை என்று சொன்னார்கள்.

ஏமாறாமல் இருக்க அவர் படாதபாடு பட்டிருந்தார். குதிரை விற்பவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் ஆள் எங்கள் ஊரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கிழட்டுக் குதிரையின் பல்லை அரத்தால் ராவி இளசாக்குவார்கள். நெற்றி நரைக்கு மை பூசுவார்கள். ஒரு கால் நொண்டினால் அடுத்த கால் குளம்பில் ஒரு கல்லைச் செருகிவிடுவார்கள். இரண்டும் ஒரே மாதிரி நொண்டும்போது பார்ப்பவருக்கு அது ஒய்யார நடையாகத் தெரியும். முரட்டுக் குதிரைக்குச் சாராயம் ஊற்றிச் சாமியாராக்குவதும் உண்டு. ரொட்டிக்காரர் இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆனாலும் போன தடவை அவர் தலையில் கட்டப்பட்டது மூச்சிரைக்கும் குதிரை. விற்றவன் அதன் மூக்குக்குள் பஞ்சைத் திணித்துச் சத்தத்தை அடக்கி வைத்திருந்தான். மேட்டுத் தெருவில் வண்டி நிறைய ரொட்டியோடு அது விழுந்து உயிரை விட்டது. அதனால் இந்தத் தடவை அவர் பல்லையும் காலையும் பார்த்ததைவிட நெஞ்சைத்தான் அதிகம் பார்த்தார். விலாவில் காதை வைத்து இந்தப் பக்கம் கேட்டார், சுற்றிப் போய் அந்தப் பக்கமும் கேட்டார். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. இவ்வளவு சுத்தமான நெஞ்சை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார்.

விற்றவருக்குச் சத்தியக்காரர் என்று பட்டப்பெயர். தொட்டதற்கெல்லாம் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார். அன்றும் செய்தார். "இனிமே இதுக்கு ஒரு நோய் வராது. கிழடு தட்டாது. தீனிக்குன்னு உங்களைப் படுத்தாது. என் தலைமேல சத்தியம்." எல்லாம் உண்மை. பிற்பாடு எங்கள் ஊர் ஆட்கள் இந்தச் சத்தியத்தை எத்தனையோ தடவை அலசிப் பார்த்தார்கள். அதில் ஒரு பொய்யையும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

லாடம் அடிக்கப் போன இடத்தில்தான் சங்கதி வெளியே வந்தது. ஆணி கொஞ்சம் தவறிச் சதையில் இறங்கிவிட்டது. குதிரை துள்ளவில்லை, ரத்தம் வரவில்லை. லாடக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அதன் மூக்கடியில் புறங்கையை நீட்டிப் பார்த்தார். "அண்ணே, இது செத்துப்போச்சுண்ணே" என்றார். "எப்போ?" என்று ரொட்டிக்காரர் பதறினார். லாடக்காரர் குளம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்று வருஷம் இருக்கும் என்றார். பிறகு மற்ற மூன்று கால்களுக்கும் லாடம் அடித்துக் கொடுத்தார். கூலியில் ஒன்றும் குறைக்கவில்லை.

முதலில் இது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. கொள்ளுச் செலவு இல்லை, லாயத்தில் சாணி அள்ளும் வேலை இல்லை, நாற்றமும் இல்லை. ஈ மட்டும் அதன்மேல் உட்காராது. வண்டியை அது இழுத்த மாதிரி எந்த உயிருள்ள குதிரையும் இழுத்ததில்லை. பிறகு, அந்த வீட்டில் பிசைந்த மாவு உப்புவதை நிறுத்தியது. ரொட்டிக்காரரின் மனைவி புளித்த மாவை மாற்றிப் பார்த்தாள், அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்தி வைத்துப் பார்த்தாள். மாவு வைத்தது வைத்தபடியே கிடந்தது. லாயத்துக்கும் மாவறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவளுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்து அப்போதுதான் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஒருநாள் காலையில் அவள் மாவுக் கையோடு வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"என்னங்க, நேத்திலேர்ந்து உள்ள அசைவே இல்லைங்க."

ரொட்டிக்காரர் அந்தக் கணமே சத்தியக்காரர் வீட்டுக்கு ஓடினார். அடிக்கத்தான் போனார். ஆனால் சத்தியக்காரர் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதை ஏமாந்து வாங்கியவர்தான். தன் வீட்டில் அது நின்ற வரை கோழி முட்டைகள் ஒன்றுகூடப் பொரியவில்லை, விற்ற மறுநாள் எல்லாம் பொரிந்தன என்றார். அதை வேறு எங்கேயாவது கட்டிப்போட்டால் திரும்பி வந்துவிடும். விஷயம் தெரிந்து வாங்கியவர்களோடும் அது போகாது. "உயிரோட இருக்குன்னு நம்பி ஒருத்தர் வாங்கணும். அவ்வளவுதான். அடுத்த சந்தைக்குக் கொண்டு போங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அதற்கு அவர் சத்தியம் செய்யவில்லை.

ரொட்டிக்காரர் அதுவரை ஒரு ரொட்டியின் எடையில்கூடப் பொய் சொல்லாதவர். சந்தைக்கு முன்தினம் அவர் எல்லாப் பித்தலாட்டத்தையும் கற்றுக்கொண்டார். அடுப்பில் சூடாக்கிய துணியால் குதிரையின் விலாவைத் தேய்த்தால் வெகுநேரம் கதகதப்பாக இருக்கும். வாயோரம் கொஞ்சம் சோப்பு நுரை. மூச்சு விடுகிற குதிரைகளுக்கு நடுவே நெருக்கிக் கட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சத்தியம்கூடப் பழகிக்கொண்டார். மனைவி வாசலில் நின்று, "வித்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் இரண்டு கைகளும் வயிற்றின்மேல் இருந்தன.

சந்தையில் ஒரு தண்ணீர் வண்டிக்காரன் வந்தான். சின்ன வயசு, வெள்ளந்தியான முகம். பல்லைப் பார்த்தான், காலைத் தூக்கிப் பார்த்தான், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வாலையும் பார்த்தான். "பொண்டாட்டி மாசமா இருக்கா அண்ணே. வீட்டு முன்னாடிதான் கட்டணும். அதான் உதைக்காத குதிரையா தேடுறேன். இது சாதுதானே?" என்று கேட்டான். சாது என்றார் ரொட்டிக்காரர். அவன் கை நீட்டினான். ரொட்டிக்காரர் கயிற்றை அவன் கையில் வைத்தார், அவன் விரல்களை மூடியும் விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வேணாம் தம்பி. இது செத்த குதிரை. வீட்டுப் பக்கம் கொண்டு போகாதே."

அவன் சிரித்தான். விலை ஏற்றப் பார்க்கிறீர்களா என்றான். ரொட்டிக்காரர் அவன் கையைப் பிடித்துக் குதிரையின் மூக்கடியில் வைத்தார். அவன் நன்றி சொல்லவில்லை, திட்டவுமில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓடிவிட்டான். பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்கச் சேதி பரவிவிட்டது. இனி அந்தச் சாம்பல் குதிரையை எந்தச் சந்தையிலும் விற்க முடியாது.

மனைவி குளம்புச் சத்தத்தைத்தான் முதலில் கேட்டாள். வாசலுக்கு வந்தாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊரான் புள்ளைக்குப் பாவம் பார்த்தீங்க. நம்ம புள்ளைக்கு யாருங்க பார்ப்பா?" என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. அவருக்கும் தான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. லாயத்தில் போய் உட்கார்ந்து அழுதார். குதிரை தன் சாதுவான கண்களால் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன்மேல் கோபப்படவும் அவரால் முடியவில்லை.

பிரசவத்தன்று மருத்துவச்சி பெண் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். அழவில்லை. உதட்டில் வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பிறகு ஒரு துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தாயைக் கவனிக்கப் போனாள். கையைக் கழுவித் திரும்பியபோது குழந்தை துணியை உதைத்துத் தள்ளியிருந்தது. மருத்துவச்சி மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள், பஞ்சு வைத்துப் பார்த்தாள், கண்ணாடி வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. ஆனால் பசி இருந்தது. தாயின் நெஞ்சில் போட்டதும் முட்டி முட்டிப் பால் குடித்தது. மருத்துவச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குழந்தை ஜில்லுன்னு இருக்கு, நல்லாப் போர்த்தி வைங்க" என்று சொல்லிக் கிளம்பினாள். ரொட்டிக்காரர் வாசலைத் தாண்டத் தைரியமில்லாமல் வெளியே நின்றிருந்தார். மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. உங்களைத்தான் தேடுது."

அதன் பிறகு குதிரையை விற்கும் பேச்சே எழவில்லை. உப்பாத மாவை மெல்லிசாகத் தட்டிச் சுட்டு பிஸ்கட் என்று விற்றார்கள். ரொட்டியைவிட அது நன்றாகப் போனது. சத்தியக்காரர் ஒருமுறை குழந்தையைப் பார்க்க வந்தார். வாசலிலேயே அழுதுவிட்டு, தலையில் கை வைக்காமலேயே கிளம்பிப் போனார். பெண் வளர்ந்தாள். மூச்சில்லாமல் பேச்சு எப்படி வரும் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சந்தேகம் கேட்டார். அவள் பேசிக் காட்டினாள், அவரும் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். குளிர்காலக் காலைகளில் மற்ற பிள்ளைகள் வாயிலிருந்து புகை கிளம்பும். இவள் வாயில் கிளம்பாது. தாய் ஒரு கம்பளித் துண்டை அவள் மூக்கோடு சேர்த்துக் கட்டி அனுப்புவாள். முதல் வருஷம் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கட்டினாள். அடுத்த வருஷம் வெறும் பழக்கத்தில் கட்டினாள்.

தெருப் பிள்ளைகளுக்கு அவளிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஒளிந்து பிடிக்கும் ஆட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாவு மூட்டைக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல், இருட்டும் வரை, வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும் வரை அப்படியே நிற்பாள். "போ, உன்னோட விளையாட வரமாட்டோம்" என்று சண்டை போட்டார்கள். பிறகு பிள்ளைகளே கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள்: அவள் ஒளிய வேண்டாம், எப்போதும் அவளே தேடட்டும். அவளும் சரியென்றாள். அன்று சாயங்காலம் தெரு முழுவதும் பிள்ளைகள் பீப்பாய்களுக்குப் பின்னாலும் வண்டிகளுக்கு அடியிலும் வாயைப் பொத்திக்கொண்டு பதுங்கினார்கள். ரொட்டிக்காரரும் மனைவியும் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அவள் நடுத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறக்காமலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் நேராகப் போய் நின்று, ஜில்லென்ற கையால் தொட்டாள்.