பல்லில் கடித்த பறி

ஆஸ்பத்திரி அட்டையின் ஓரத்தில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தேவி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். ஜியோஃபேஜியா. இவ்வளவு நீளமாகப் பேர் வைத்திருக்கிறார்கள் என்றால் சின்ன வியாதியாக இருக்காது. கை தானாக வயிற்றின் மேல் போனது. ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை கலைந்ததும் ஐந்தில்தான்.

ஏரியில் இறால் தடவும்போது இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பறியிலிருந்து வழியும் சேறு வாய்க்குள் போவது எல்லாருக்கும் உள்ளதுதான். மற்றவர்கள் துப்பினார்கள். தான் எப்போது துப்புவதை நிறுத்தினோம் என்று தேவிக்கே தெரியாது.

"கரையேறியும் பறிய வுட மாட்டியாடி? புருசனக்கூட இப்டிக் கவ்விக்கினு திரிய மாட்ட" என்று கூட இறால் தடவும் வேலம்மா கேலி செய்தபோது சிரித்து மழுப்பினாள். இப்போதெல்லாம் முந்தானை முடிச்சில் காய்ந்த சேற்றுக்கட்டி ஒன்று எப்போதும் இருந்தது. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. பறியிலிருந்து கொஞ்சம் உள்ளே போகிறது என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

மாத்திரை கொடுக்கும் நர்ஸ் அர்ச்சனாவிடம் அட்டையை நீட்டினாள். "சிஸ்டர், இது இன்னா நோவு?"

அர்ச்சனா போனில் தேடினாள். "பழைய கிரேக்க வார்த்தையாம். 'ஜியோ'ன்னா மண்ணு, தரை, பூமி, எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். பின்னாடி வர்றது துன்றது. மண்ணு துன்றதும்மா, அவ்ளோதான்."

"அந்த ஊர்லயும் துன்னாங்களா?"

"துன்னாமயா பேர் வெச்சாங்க?"

"அவங்களுக்குக் கொழந்த தங்கிச்சா?"

அர்ச்சனா திரையை மேலும் கீழும் தள்ளினாள். "அது இதுல போடல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரத்தம் ஏழுதான் கீது. நெஜமா சொல்லு தேவி. பறிலேர்ந்து போறது மட்டுந்தானா?"

சொன்னால் இந்தக் குழந்தைக்கு ஏதாவது செய்வார்கள். சொன்னால், போன பிள்ளையைத் தின்றதும் தான்தான் என்று ஆகிவிடும். இரண்டு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரைகளுக்கு நடுவே மேசையில் கட்டியை வைத்தாள். அதன் ஒரு பக்கம் பல் பதிந்திருந்தது.

"அப்பவும் துன்னேன் சிஸ்டர். அதனாலதானா?"

அர்ச்சனா மாத்திரைகளை ஓரமாக ஒதுக்கினாள். "அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். "இந்தக் கொழந்தைக்கு இன்னா செய்யணுமோ அத்தப் பாப்பம். உக்காரு, டாக்டரண்ட சொல்லிட்டு வரேன்."

கட்டியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். தேவிக்கு அதன் வாசம் எட்டியது. வாயில் எச்சில் ஊறியது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு, உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.