ஒரே தலைப்பாகை

சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, பாதுகாப்பு உடைக்குள் வெந்து கொரோனா வார்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த நர்ஸ் தமிழ்ப்ரியாவை, கழிப்பறைக்குக்கூடப் போகவிடாமல் ஆஸ்பத்திரி வாசலில் போட்ட மேடைக்கு இழுத்துப் போனார்கள். பாராட்டு விழாவாம், மண்ணாங்கட்டி!

வியாபாரிகள் சங்கத் தலைவர் செந்தில்நாதன் வாங்கி வந்திருந்தது ஒரே ஒரு மைசூர் பேட்டா. அந்த ஜரிகைத் தலைப்பாகையைக் கையுறை மாட்டிய கையால் ஒரு நர்ஸின் தலையில் வைப்பார்; போட்டோ எடுத்ததும் கழற்றி அடுத்தவள் தலையில் கவிழ்ப்பார். தமிழ்ப்ரியாவின் தலைக்கு வந்தபோது அது அத்தனை பேர் வேர்வையிலும் ஊறி நாறியது.

"ஏனுங்க, எல்லாருக்கும் இதே பேட்டாவுங்களா?"

"போட்டோவுக்குத்தானே, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. மாஸ்க்கை இறக்கு, முகம் தெரியட்டும்."

அவள் மாஸ்க்கை இறக்கவில்லை. பேட்டாவைக் கழற்றி அவர் தலையில் வைத்தாள்.

நெருப்பை மிதித்தவர் போலத் துள்ளி அதைத் தட்டிவிட்டார் அவர். "சானிடைசர்! யாராவது சானிடைசர் கொண்டு வாங்க!"

"எங்க தலையில இருந்தா மரியாதை, உங்க தலைக்கு வந்தா கொரோனாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் கழிப்பறையைப் பார்த்து நடந்தாள்.

தரையில் கிடந்த மரியாதையைக் குனிந்து எடுக்க ஒருவரும் வரவில்லை.