நீலக் கண்ணாடிக் கணக்கு

உள்ளூர் மாடு விலை போகாது என்பதை ஸ்டுடியோக்காரன் அன்றைக்குத்தான் முழுசாக நம்பினான். இருபது வருஷமாக அடுத்தவர் முகத்தைப் படமெடுத்தே சோறு தின்பவன் அவன். வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை வேறு. தன் தையல்கடைக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்குக் குடும்பப் படம் ஒன்று வேண்டும் என்றபோது மாமனார் யாரைப் பிடித்தார்? சகலையை. வங்கியில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவனை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கேமராவை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டவனை.

சின்னவரே எடுக்கட்டும் என்று மாமனார் சொல்லி அனுப்பியதாக மனைவி வந்து சொன்னாள். ஏனாம் என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. வேலை இருக்கிறது என்று அவன் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சகலை சொதப்புவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்று கிளம்பிப் போனான்.

கடையின் உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. நான்கு குண்டு பல்புகள்தான் வெளிச்சம். மாமியாருக்குக் கண் அறுவை முடிந்து பத்து நாளே ஆகியிருந்ததால் ஃபிளாஷ் அடிக்க வழியில்லை. வெயிலுக்கென்று செய்த ஃபிலிமைக் குண்டு பல்புக்குக் கீழே ஓட்டினால் குடும்பம் மொத்தமும் காமாலை கண்டது போல விழும். சகலைக்கு அது தெரிந்திருந்தது. அந்த மஞ்சளை அடக்க லென்ஸுக்கு முன்னால் நீலக் கண்ணாடியை மாட்டி, கேமராவை முக்காலியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தான். இந்த அளவுக்குத் தேறிவிட்டானா என்று ஸ்டுடியோக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நல்லவேளையாக அந்தக் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் செத்துப்போயிருந்தது. சகலை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, அண்ணனுடைய மீட்டரில் ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

ஸ்டுடியோக்காரன் எப்போதும் பையில் வைத்திருக்கும் மீட்டரை எடுத்து மாமனாரின் முகத்தருகே பிடித்தான். லென்ஸ் துளையை முழுசாகத் திறந்தால் முப்பதில் ஒரு பங்கு நொடி என்றது முள். ஆனால் நீலக் கண்ணாடி வெளிச்சத்தில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். அதற்கு ஈடாக நாலு மடங்கு நேரம், அதாவது எட்டில் ஒரு பங்கு நொடி கொடுக்க வேண்டும். ஸ்டுடியோவில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

"முழுசாத் திற. முப்பதுல வை" என்றான்.

சகலை அப்படியே வைத்தான். அடுத்த வாரம் பிரிண்ட் கரிக்கட்டையாக வரும், அப்போது மாமனார் எந்த வாசலில் வந்து நிற்கிறார் பார்ப்போம் என்று நினைக்கவே ஸ்டுடியோக்காரனுக்கு இனித்தது. வழக்கம் போலக் கேமராவுக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அங்க எங்க போறீங்க மாப்பிள்ளை?" என்றார் மாமனார். "இந்த வீட்டுப் படம் அத்தனையும் நீங்க எடுத்ததுதான். ஒண்ணுலகூட நீங்க இல்ல. அதுக்காகத்தான் சின்னவர எடுக்கச் சொன்னேன்."

மாமனார் அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் தோளில் கை போட்டார். மறுபக்கம் நின்ற மனைவி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். யாரும் அசையாதீங்க என்று சொல்லிவிட்டு சகலை பொத்தானை அமுக்கினான். படக்கென்ற அந்தச் சத்தம் எவ்வளவு குறுகியது என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று எடுக்கச் சகலை ஃபிலிமைச் சுற்றினான்.

"நில்லு. எட்டுல வை" என்றான் ஸ்டுடியோக்காரன். "நீலக் கண்ணாடிக்கு நாலு மடங்கு சேர்க்கணும்."

சகலை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "மறந்துட்டீங்களாண்ணே? பரவால்ல."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சகலையே கதவைத் திறந்துவிட்டிருந்தான்.

"மறக்கல" என்றான் ஸ்டுடியோக்காரன்.

சகலையின் சிரிப்பு நின்றது. மனைவி திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். மாமியார் என்ன விஷயம் என்று கேட்டார். மாமனார் தோளில் போட்ட கையை எடுக்காமல், எட்டிலேயே வைத்துச் சீக்கிரம் எடுக்கும்படி சின்னவரிடம் சொன்னார்.

அடுத்த வாரம் பிரிண்ட் வந்தது. வெளிச்சம் கச்சிதம். மாமியாரின் கண்ணோரச் சுருக்கம் வரைக்கும் விழுந்திருந்தது. தலைகுனிந்து நின்ற மூத்த மாப்பிள்ளையின் முகமும் தெளிவாக விழுந்திருந்தது. மாமனார் அதைக் கடையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி மாட்டிவைத்தார்.