ஒரே நாள் வாங்கிய நான்கு

அவள் மாடிப்படியில் பாதி ஏறும்போதே கல்யாண வீடியோக்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி 'பீப் பீப்' என்று விட்டுவிட்டுக் கத்துவது கேட்டது. கீழே கூடத்தில் கணவனுடைய அண்ணனின் உடல். எடுக்க இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. தம்பியான அவள் கணவனோ எடிட்டிங் அறையில் மண்டிபோட்டு டிஸ்க் மாற்றிக்கொண்டிருந்தான்.

இருவரும் இரட்டையர். பத்து நிமிடம் முந்திப் பிறந்த ஒரே தகுதியில் நாற்பத்து மூன்று வருடம் அண்ணன் பட்டம் சுமந்தவர், அன்று காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் சரிந்தார். மாரடைப்பு. ஒன்பது மணிக்கு அவர் பெயருக்குக் கூரியரில் புது டிஸ்க் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவள்தான்.

"என்னங்க, கீழ தேடறாங்க."

"நாலுல ஒன்னு நேத்தே போயிடுச்சு." அவன் திரும்பவில்லை. "புதுசு போட்டுட்டேன். மத்த மூணையும் படிச்சு, போனதுல இருந்தத இது எழுதிக்கும். எட்டு மணி நேரம் ஆகும்."

"அது பாட்டுக்கு எழுதட்டும். நீங்க வாங்க."

"நடுவுல இன்னொன்னு போச்சுன்னா அவ்வளவுதான். நாங்க எடுத்த கல்யாணம் அத்தனையும் இதுலதான் இருக்கு."

"மத்த மூணும் நல்லாத்தானே ஓடுது?"

"நாலும் ஒரே நாள், ஒரே கடையில வாங்கினது. ஒன்னா செஞ்சது, ஒன்னா ஓடினது. ஒன்னு போனா அடுத்தது ரொம்ப நாள் தாங்காது. அதுவும் இப்படி பாரம் ஏத்தற நேரத்துலதான் போகும். வேற வேற கடையில வாங்கலாம்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். அண்ணன் கேட்டாத்தானே."

அவன் டிஸ்க்கைப் பற்றித்தான் பேசினான். அவள் அவன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். அதே மூக்கு, அதே முழி, இதே அறையில் அதே நாற்காலி வேலை. கீழே கிடக்கிற முகத்தைத்தான் அவள் பதினாறு வருடமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

"உங்களுக்கு நெஞ்சு வலி எதுவும் இல்லையே?"

"எனக்கென்ன." மின்விசிறி ஓடியும் அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"நாளைக்கே டாக்டரப் பாத்துடலாம்."

"முதல்ல இன்னிக்கு முடியட்டும்."

சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் கூடியபோது கணவனின் சித்தப்பாவை அவள் ஓரமாக அழைத்தாள்.

"மாமா, அவரு தூக்க வேணாமே."

"தம்பி தூக்காம வேற யாரும்மா தூக்குவா?"

நெஞ்சில் இருந்ததை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதற்குள் அவன் தலைமாட்டில் தோள் கொடுத்துவிட்டான்.

தெரு முழுக்க எல்லோரும் போகிறவரைப் பார்த்து அழுதார்கள். அவள் மட்டும் இருக்கிறவனின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தெருமுனையில் அவன் நின்றான். தோள் மாற்றவா, மூச்சு வாங்கவா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அழுகிற பெண்களை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள்.