மிசுசுவின் வலது கால்

மிசுசு கஜித்தானி அந்தக் கிக் பாக்சிங் கூடத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது சண்டை கற்றுக்கொள்ள அல்ல, சண்டை போட. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அமகசாகியில் ஒரு சலவைக் கம்பெனியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைத்தெருக் கோடியில் இருந்த கூடத்திலிருந்து வந்த அழுக்குத் துண்டு மூட்டைக்குள், நீள நீளமான கைக்கட்டுத் துணிகளையும் யாரோ திணித்து அனுப்பியிருந்தார்கள். அவை சலவை இயந்திரத்துக்குள் பின்னிக்கொண்டு காலை முழுக்க வேலை நின்றுபோனது.

"யாருங்க இங்க முதலாளி? நீங்க அனுப்பினது துண்டா, பாம்புக் கூட்டமா?" என்று வாசலிலேயே கத்தினாள்.

கூடத்தை நடத்திவந்த ஒனிஷி ஒரு மூலையில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "ரொம்பக் கோவமா இருக்க போல. அதோ மூட்டை தொங்குது பாரு, அதை ஒரு உதை விடு. ஆத்திரம் அடங்கினதும் பேசுவோம்."

வேலைக்குப் போடும் கனத்த ஷூவோடு, வலது காலால் உதைத்தாள். மணல்மூட்டை எகிறிப்போய், அந்தப் பக்கம் கண்ணாடி முன்னால் நின்று தன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனைக் கீழே தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது. ஒனிஷியின் வாய் மெல்வதை நிறுத்தியது.

"இன்னொரு தடவை உதை."

"ஆத்திரம்தான் அடங்கிடுச்சே."

"பரவால்ல. சும்மா உதை."

அப்படித் தொடங்கியதுதான். முதல் இரண்டு போட்டிகளிலும் தோற்றாள். உதைக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. மூக்கு வீங்கி, வேனை ஓட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். மூன்றாவது போட்டியிலிருந்து கதை மாறியது. அவளுடைய வலது கால் எதிராளியின் தொடையில் விழும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ஒரு வர்ணனையாளர் அதைக் 'கோடாலிக் கால்' என்று சொல்லிவைக்க, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரும்புக் கல்லில் முட்டைக்கோஸ் அடை சுட்டு விற்கும் கென்சாகுவை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது, அவன் கூட்டாளிகள், "வீட்டுல வாயைத் தொறக்காதடா, கோடாலி வந்துடும்" என்று கிண்டலடித்தார்கள்.

"அதெல்லாம் தாங்கிக்கலாம்டா. போட்டிக்கு முன்னாடி எடையைக் குறைக்கிறேன்னு என் எதிர்லயே உக்காந்து வெறும் கீரையைத் தின்னுவா பாரு, அதைத்தான் தாங்க முடியாது" என்பான் கென்சாகு.

முப்பது வயதில் பட்டத்துக்கு ஒரே ஒரு படி பாக்கி இருந்தது. அந்தப் படியில் நின்றவள் வகயாமா ஊர்க்காரி சயோ ஹிருகாவா. மிசுசுவை விட நான்கைந்து வயது இளையவள். ஊறுகாய் வியாபாரக் குடும்பம். இரண்டாவது சுற்றில் மிசுசு தன் முழு பலத்தையும் போட்டு வலது காலை வீசினாள். சயோ முட்டியைத் தூக்கித் தடுத்தாள். எலும்பும் எலும்பும் மோதின. மிசுசு காலைக் கீழே ஊன்றப் போனாள். மூட்டே இல்லாத இடத்தில் அந்தக் கால் மடங்கியது.

அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் அவளுக்குப் பல மாதம் காதில் இருந்தது. வலி பிறகுதான் வந்தது.

மருத்துவமனையில் எலும்புக்குள் உலோகக் கம்பி வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள் சயோ வந்தாள். கையில் ஒரு ஜாடி ஊறுகாய், உமே என்ற புளிப்புக் காயில் போட்டது. கட்டில் அருகே நின்று, இடுப்பு வளையக் குனிந்து, நிமிரவே மாட்டேன் என்று நின்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"எதுக்குடி மன்னிப்பு? உதைச்சது நான், உடைஞ்சது என் கால். நீ முட்டியைத்தானே தூக்கினே?"

"இருந்தாலும்..."

"இருந்தாலும் ஒண்ணுமில்ல. என் கால் வர்றது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அதைச் சொல்லு மொதல்ல."

சயோ மெதுவாக நிமிர்ந்தாள். "உதைக்கறதுக்கு முன்னாடி நீங்க மூச்சை அடக்குறீங்கக்கா. கன்னம் உப்பிக்குது."

பக்கத்து நாற்காலியில் இருந்த கென்சாகு, "பத்து வருசமா கூடவே இருக்கேன், நான் இதைக் கவனிக்கலையே" என்றபடி ஜாடியைத் திறந்து ஒரு காயை வாயில் போட்டுக்கொண்டான். மிசுசுவுக்குச் சிரிப்பு வந்தது. கால் உடைந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சயோ பட்டத்துக்கு மோதினாள். சாம்பியன் குருமி அயிசோமே இருபத்திரண்டு வயதுக்காரி, தோல்வியே அறியாதவள், தொலைக்காட்சி விளம்பரங்களில் சிரிக்கும் முகம். சயோ ஐந்து சுற்றும் தாக்குப்பிடித்துப் புள்ளிகளில் தோற்றாள். அது போதாதென்று கண்ணில் விழித்திரை கிழிந்திருந்தது. இனி சண்டையே கூடாது, யாரும் உன் தலையைத் தொடக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

மிசுசு மறுபடி ஓட ஆரம்பித்திருந்த கோடைக்காலத்தில், சலவை வேனை எடுத்துக்கொண்டு வகயாமாவுக்குப் போனாள். வீட்டு முற்றம் முழுக்கத் தட்டிகளில் உமேக்காய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சயோ ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் வழக்கமான துடிப்பு இல்லை.

"என்னடி, முகமும் ஊறுகாய் மாதிரியே ஆயிடுச்சு?"

"கிண்டல் பண்ண இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தீங்களாக்கா?"

"இல்ல. குருமிகூட அஞ்சு சுத்து நின்னவ இந்த நாட்டுல நீ ஒருத்திதான். நான் அவகூட மோதப் போறேன். நீ என் மூலையில நின்னு எனக்கு யோசனை சொல்லணும்."

சயோ காயைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. "உங்க காலை உடைச்சவ உங்க மூலையிலயா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். டிக்கெட் வாங்கிட்டு வந்து சிரிக்கட்டும்."

அடுத்த வாரமே சயோ ரயிலேறி வந்தாள். அதன் பின் வாரம் தவறாமல் வந்தாள்.

மிசுசு திரும்பி வந்து ஆடிய போட்டிகளில் கைகளாலும் இடது காலாலுமே ஜெயித்தாள். வலது கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. பயிற்சியில் மெத்தைத் திண்டை உதைக்கச் சொன்னால் இடியாய் இறங்கும். ஆனால் சயோ தன் முட்டியைத் தூக்கிக் காட்டினால் போதும், கால் பாதி வழியில் நின்றுவிடும். தலை 'போ' என்றாலும் கால் கேட்பதில்லை. ஒனிஷி திட்டிப் பார்த்தார். சயோ திட்டவில்லை, வரும்போதெல்லாம் ஒரு தடவை முட்டியைத் தூக்குவாள், கால் நின்றதும், "சரிக்கா, அடுத்த வாரம் பாப்போம்" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

விஷயம் வெளியே தெரியாமல் இருக்குமா? கோடாலிக் கால் போய் 'ஒற்றைக் கால் மிசுசு' என்றார்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் குருமியின் தரப்பு அவளைத் தேர்ந்தெடுத்தது. சிரமமில்லாத எதிராளி என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பத்திரிகையாளர் சந்திப்பில் குருமி ஒலிபெருக்கி முன்னால் இனிமையாகச் சிரித்தாள்.

"அக்காவோட வலது கால் எப்பவோ ஓய்வு வாங்கிடுச்சு. பாக்கி உடம்பையும் நான் மரியாதையா வழியனுப்பி வைக்கிறேன்."

எல்லோரும் மிசுசுவைப் பார்த்தார்கள். "நல்லதும்மா. வழியனுப்ப வர்றப்போ கையை வீசிட்டு வராதே. முப்பத்திமூணு வயசுக்காரிக்குப் பசி ஜாஸ்தி" என்றாள் மிசுசு. சிரிப்பு எழுந்தது. மேஜைக்கு அடியில் அவள் வலது காலை மட்டும் நாற்காலிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

போட்டி கோபேயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைத்தெருவிலிருந்து ஒரு கூட்டமே வந்திருந்தது. மீன்கடைக்காரர் கடைப் பதாகையையே கழற்றிக் கொண்டுவந்து பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதியிருந்தார். முதல் சுற்றிலேயே குருமியின் வேகம் என்னவென்று தெரிந்துபோனது. மிசுசு ஒன்று கொடுப்பதற்குள் இரண்டு வாங்கினாள். மூன்றாவது சுற்றில் குருமியின் குத்து தாடையில் நேராக இறங்க, மிசுசு உட்கார்ந்தேவிட்டாள். விளக்குகள் கொஞ்சம் இடம் மாறிப்போனது போல இருந்தது. நடுவர் எண்ணிக்கொண்டிருந்தார். மீன்கடைக்காரரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "எந்திரி, மிசுசு! நாளைக்குத் துண்டு யாரு கொண்டுவருவா?" எழுந்தாள்.

மூலைக்கு வந்து முக்காலியில் சரிந்தவளின் முகத்தை ஒனிஷி துடைத்தார். சயோ அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, புள்ளியில நம்ம தோத்தாச்சு. அவ உங்க இடது பக்கத்தை மட்டும்தான் பாக்குறா. வலது பக்கம் ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டா."

"கால் வராதுடி."

"ஏன் வராது?"

"மறுபடி உடைஞ்சுதுன்னா?"

சயோ அந்த வலது காலில் கையை வைத்தாள். "உடைஞ்சா நான் மறுபடி ஊறுகாயோட வர்றேன். இந்தத் தடவை ரெண்டு ஜாடி. உங்க வீட்டுக்காரர் உங்களுக்குக் கொஞ்சம் விட்டு வெப்பாரு."

வாயில் இருந்த தண்ணீரோடு மிசுசு பொங்கிச் சிரித்தாள். தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறியது. மணி அடித்தது.

நான்காவது சுற்று. குருமி வழக்கம்போல இடதுகாலை முன்வைத்து வந்தாள். மிசுசு மூச்சை அடக்கவில்லை, விட்டாள். அந்த மூச்சோடு வலது காலும் போனது.

குருமி சட்டென்று முட்டியைத் தூக்கினாள். எலும்பும் எலும்பும் மோதின. கட்டை பிளப்பது போன்ற அந்தச் சத்தத்தை அமகசாகிக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அரங்கம் அன்றுபோலவே மூச்சை இழுத்தது. கென்சாகு கண்களை மூடிக்கொண்டான்.

மிசுசு காலைக் கீழே ஊன்றினாள். சுளீரென்று இடுப்பு வரை வலி ஓடியது. ஆனால் கால் நின்றது. தன் கால் மேல் தானே நின்றுகொண்டிருக்கிறோம் என்பதை அவளாலேயே நம்பமுடியவில்லை. அழுகை வரப் பார்த்தது. அழ நேரமில்லை, மறுபடி உதைத்தாள்.

அதையும் குருமி தடுத்தாள். அடுத்ததையும் தடுத்தாள். ஆனால் கோடாலியை முட்டியால் எத்தனை நேரம் தடுப்பது? இந்தக் கால் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சுற்று முடிவதற்குள் அவள் முட்டி தூக்குவது தாமதமாகி, பிறகு நின்றேபோனது. தொடையில் உதை விழும்போதெல்லாம் அந்த அழகிய முகத்தில் ஒரு சுளிப்பு வந்து மறைந்தது. "கோ-டா-லி! கோ-டா-லி!" என்று கடைத்தெருக் கூட்டம் தொடங்கிவைக்க, மூன்றாம் சுற்று வரை குருமிக்குக் கைதட்டியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கடைசிச் சுற்றில் குருமி பின்வாங்கவில்லை. சாம்பியன் சாம்பியன்தான்; நொண்டிக்கொண்டே முன்னால் வந்து அடித்தாள். மிசுசுவின் புருவம் கிழிந்தது. மிசுசு வலது தோளை அசைத்தாள். தொடைக்குத்தான் வருகிறது என்று நினைத்து குருமியின் கை தன்னையறியாமல் கீழே இறங்கியது. கால் தொடைக்குப் போகவில்லை. மேலே ஏறி, அந்தக் கை விட்டுப்போன இடத்தில், காதோரமாக இறங்கியது.

நடுவர் எண்ணவே இல்லை. குருமியின் பக்கத்தில் மண்டியிட்டு, தலைக்கு மேல் இரு கைகளையும் வீசினார்.

சயோ எப்படிக் கயிற்றைத் தாண்டினாள் என்று யாரும் பார்க்கவில்லை. மிசுசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "லூசு, ஜெயிச்சது நான், நீ ஏன்டி அழுவுறே?" என்று கேட்டுக்கொண்டே மிசுசுவும் அழுதாள். குருமி எழுந்து உட்காரும் வரை வாங்கமாட்டேன் என்று மிசுசு பட்டப் பெல்ட்டை வாங்காமல் காத்திருந்தாள். எழுந்து வந்த குருமி, கண்கலங்கக் குனிந்து வணங்கி, "அந்தக் கால் ஓய்வு வாங்கிடுச்சுன்னு எவன்க்கா சொன்னான்?" என்றாள். "நானேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள் மிசுசு.

கூடத்து வேனில் பெட்டிகளும் ஆட்களும் நிரம்பி வழிந்ததால், மிசுசுவும் கென்சாகுவும் சயோவும் ரயிலில் கிளம்பினார்கள். வெயில் இன்னும் தாழவில்லை. மிசுசுவின் புருவத்தில் தையல், ஒரு கண் மூடிக்கிடந்தது, மடியில் துண்டில் சுற்றிய பட்டப் பெல்ட். பேஸ்பால் மைதானம் இருக்கும் கோஷியென் நிலையத்தில் பெட்டிக்குள் ஒரே மஞ்சள் கறுப்புச் சட்டைகளாக ஏறின. உள்ளூர் பேஸ்பால் அணி அன்று படுதோல்வி. யாரும் யாரிடமும் பேசவில்லை. ஒருவர் கையிலிருந்த ஊதுகுழல்கூடத் துவண்டு தொங்கியது.

அவர்களில் பெரிய தொப்பை வைத்த ஒருவர் மிசுசுவை வெறித்துப் பார்த்தார். "என்னம்மா, பந்து மூஞ்சியிலயே பட்டுடுச்சா?"

"பந்து இல்லண்ணே, கை," என்றான் கென்சாகு. "இவ அமகசாகிக்காரி, கிக் பாக்சிங். இன்னிக்குப் பட்டத்துக்கு மோதினா."

"பாவம். அடி ரொம்பவோ? நம்ம பசங்களும் அப்படித்தான் வாங்கினானுங்க."

"இவ ஜெயிச்சுட்டாண்ணே."

தொப்பைக்காரர் காதில் சரியாக விழாதது போல நின்றார். சயோ துண்டை இழுத்துவிட்டாள். பட்டத்தின் பொன் தகடு ஜன்னல் வெயிலில் பளிச்சென்றது.

"ஏய்!" தொப்பைக்காரர் பெட்டி முழுவதையும் பார்த்துக் கத்தினார். "இங்க ஒருத்தி ஜெயிச்சிருக்காடா! அமகசாகிக்காரி ஜெயிச்சிருக்கா!"

அவ்வளவுதான். ஊதுகுழல் உயிர்பெற்றது. பிளாஸ்டிக் தட்டுக்கட்டைகள் படபடத்தன. தங்கள் அணிக்குப் பாட வைத்திருந்த பாட்டில் அணியின் பெயரை எடுத்துவிட்டு மிசுசுவின் பெயரைப் போட்டுப் பாடினார்கள்; தாளத்துக்குப் பொருந்தவில்லை, இழுத்துப் பொருத்தினார்கள். யாரோ அவளுக்கு மஞ்சள் சட்டையொன்றைப் போர்த்தினார்கள். கூச்சத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்தவள், சயோ விலாவில் இடித்ததும், எழுந்து இருக்கையின் மேல் ஏறி நின்று பட்டத்தை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். தலை கூரையில் இடித்தது. யாரும் பொருட்படுத்தவில்லை.

அமகசாகி வந்தது. அவள் இறங்கினாள். பாட்டும் கூடவே இறங்கியது. கடைத்தெருப் பக்கம் அந்த ஊர்வலம் திரும்பியபோதுதான், பாதிப்பேர் தாங்கள் போகவேண்டியது ஒசாகாவுக்கு என்பதை நினைவுகூர்ந்தார்கள். திரும்பிப் போனவர் யாருமில்லை. கென்சாகு முன்னால் ஓடி, தன் அடைக் கடையில் இரும்புக் கல்லின் கீழ் அடுப்பைப் பற்றவைத்தான்.