கடவையில் நின்ற ஓட்டோ

தனஞ்சயன் ஓட்டிவந்த ரயில், சீனக்குடாவுக்கு அருகே ரயில் கடவையில் நின்றுபோன ஓட்டோ ஒன்றை அடித்து இழுத்துச் சென்றது. ஓட்டோக்காரப் பெடியன் அந்த இடத்திலேயே முடிந்துபோனான். செத்தவன் அப்துல் மஜீதின் பேரன் அப்ராஸ் என்று தெரிந்ததும், தனஞ்சயனின் தகப்பன் குலசிங்கம் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

மஜீத் நீராவி எஞ்சின் ஓட்டிய காலத்தில் அவருக்குக் கரி அள்ளிப் போட்டவர் குலசிங்கம்; அண்ணன் முறை வைத்து அவரை 'நாநா' என்றுதான் கூப்பிடுவார். ரயில்வே குவாட்டர்ஸில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஒருமுறை கொதிகலனின் தண்ணீர்மட்டக் கண்ணாடி வெடித்து ஆவி சீறியபோது, மஜீத் அவரைப் பின்னால் தள்ளிவிட்டுத் ஆவிக்குள் தன் கையை விட்டுக் குழாயின் திருகை மூடினார். அந்தக் கை பிறகு பழையபடி வரவேயில்லை.

"போகவேண்டாம் அப்பா," என்றான் தனஞ்சயன். "என்ன முகத்தோட போவீங்கள்?"

"போகாட்டித்தான் முகமில்லை."

கிண்ணியாவில் மஜீத் வீட்டு முற்றத்தில் இருந்த ஆண்கள் அவரைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மஜீத்தான் பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

"மகன் ஹோர்ன் அடிச்சவனா?"

"விடாம அடிச்சவன், நாநா. பிறேக்கும் போட்டவன். நிற்கேல்ல."

"நிற்காது," என்றார் மஜீத். முற்றத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் திரும்பவும் சொன்னார். "அந்த வேகத்தில கோச்சி நிற்காது. அவனில பிழையில்ல."

குலசிங்கத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து மஜீதின் மகள், அப்ராஸின் தாய் நஜ்முன் நிஸா கேட்டாள்.

"மாமா, எண்ட புள்ள ஃபோனைப் பாத்துக்கொண்டு போய்ப் பட்டதெண்டு சனம் கதைக்குது. உண்மையா?"

அந்தப் பழியையாவது துடைத்துவிடலாம் என்று குலசிங்கம் அவசரப்பட்டார்.

"இல்ல மகள். தனஞ்சயன் கண்ணால கண்டவன். ஓட்டோ தண்டவாளத்தில நிண்டுபோச்சு. தம்பி இறங்கித் தள்ளிக்கொண்டு நிண்டவர். விட்டுட்டு ஓட நேரம் இருந்தது. கடைசிமட்டும் விடேல்ல."

சீலைக்குப் பின்னாலிருந்து அவள் மெதுவாகக் கேட்டாள், குலசிங்கத்திடமல்ல.

"கேட்டீங்களா வாப்பா?"

மஜீத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தோப்பூர்க் காணிய வித்து நான்தான் அந்த ஓட்டோவ வாங்கிக் குடுத்தனான்," என்றார். "ஒரு கீறல் விழாமப் பாத்துக்கொள்ள வேணும் எண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

தன் வாயால் சொன்னதைக் குலசிங்கம் இனித் திருப்பி விழுங்க ஏலாது. யாரோ கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போனது. அவர் எழுந்தபோது மஜீத் நிமிரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது தங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தான் தனஞ்சயன்.

"மஜீத் நாநா என்ன சொன்னவர்?"

"உன்னில பிழையில்லையாம்."

விசாரணை முடிந்து தனஞ்சயன் வேலைக்குத் திரும்பினான். வாப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்று கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். குலசிங்கம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் பிறகு போகவுமில்லை.